முன்பின் தெரியாதவர் பணம் அனுப்பும் முன்

கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீடு. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வைக்கலாம் என்று பெண் வீட்டார் முடிவு செய்கிறார்கள். 400 பாக்கெட் வேண்டும். தெற்கத்திச் சொந்தக்காரர் ஒருவர் உங்கள் கடைப் பெயரைச் சொல்கிறார். "நல்லா இருக்கும், தைரியமா வாங்குங்க" என்கிறார். பெண்ணின் சித்தப்பா அந்தப் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்க்கிறார். அடுத்த சில நிமிடங்களில் அவர் கண்ணில் படுவது என்ன, படாமல் போவது என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

கடைக்கு நேரில் வருகிறவருக்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாகு காயும் வாசனை தெருவிலேயே வரும். தட்டில் இருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு ஏதாவது குறை என்றால் வந்து கேட்க நீங்கள் அங்கேயே இருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். கைபேசியில் தேடுகிறவருக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. அவர் மனதில் ஓடுபவை நான்கு கேள்விகள். இப்படி ஒரு கடை உண்மையில் இருக்கிறதா? என்ன விலை? எப்போது, எப்படி வந்து சேரும்? உடைந்தோ நமுத்தோ வந்தால் யாரைக் கேட்பது?

இந்த நான்குக்கும் அவர் உங்களுக்கு போன் செய்யாமலே பதில் கிடைத்துவிட்டால், இணையத்தில் உங்கள் கடை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஒரு லோகோ, பிறகு இன்ஸ்டாகிராம் பக்கம், பாட்டுப் போட்ட ரீல், லைக் வாங்கக் கொஞ்சம் விளம்பரக் காசு. ஆயிரம் லைக் விழுந்த பக்கத்திலும் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று இருக்காது. அதனால் இந்த அத்தியாயம் வேறு வரிசையில் போகிறது. முதலில் பெயரும் முகவரியும், அடுத்து மேப், அடுத்து வாட்ஸ்அப்பும் பணம் வாங்கும் வழியும், அதன் பிறகு சொந்த இணையதளம். ரீல் எல்லாம் கடைசியில்.

ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே எண்

முதல் வேலைக்குக் கைபேசியே வேண்டாம். ஒரு நோட்டில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எழுதுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை. இனிமேல் பெயர்ப்பலகை, பில், பாக்கெட், மேப், வாட்ஸ்அப் என்று எங்கே எழுதினாலும் எழுத்து மாறாமல் அதேதான்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பலகையில் 'ஸ்ரீ' சேர்த்தும், பில்லில் அது இல்லாமலும், பாக்கெட்டில் அப்பா பெயரைச் சேர்த்தும் எழுதியிருந்தால், அவை ஒரே கடைதான் என்று தேடுகிறவருக்கும் தெரியாது, தேடித் தரும் இயந்திரத்துக்கும் தெரியாது. ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர்கள் இன்னும் சிக்கல். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குழப்பத்தில் புது எழுத்துக்கூட்டலில் பலகை எழுதி வைத்தவர்கள் இருந்தால், அஞ்சல் நிலையப் பலகையில் உள்ளபடி திருத்திக்கொள்வது நல்லது. மக்கள் தேடுவதும் அந்த எழுத்தில்தான்.

முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் போடுங்கள். கூடவே ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். கூகுள் மேப்பில் உங்கள் கடை இருக்கும் இடத்தை விரலால் சற்று அழுத்திப் பிடித்தால், நடுவே கூட்டல் குறி போட்ட ஒரு சிறு குறியீடு தெரியும். பிளஸ் கோடு என்பார்கள். கதவு எண்ணே இல்லாத தோட்டத்து வீட்டில் தொழில் செய்கிறவர்களுக்கு அதுதான் முகவரி. கூரியர் எடுக்க வருகிற பையனிடம் அதைச் சொன்னால் போதும், நேரே வந்துவிடுவார்.

எண்ணுக்கு வருவோம். தொழிலுக்கென்று தனி சிம் வாங்குங்கள், உங்கள் ஆதாரில், உங்கள் பெயரில். மகன் பெயரில் உள்ள சிம், அவர் வேலைக்கு ஓசூர் போனதும் அவரோடு போய்விடும். ரீசார்ஜ் செய்யாமல், 90 நாட்களுக்கு எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பாக்கெட்டில் அச்சடித்த எண் இன்னொருவர் கைக்குப் போனால், உங்களுக்கு வர வேண்டிய ஆர்டரும் முன்பணமும் யாரிடம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாகப் பெயர் வைப்பவர்கள், பலகை எழுதக் கொடுக்கும் முன் வர்த்தகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். தேடக் கட்டணம் இல்லை. இனிப்பு, பலகார வகைகள் அங்கே 30ஆம் வகுப்பில் வரும். அதே பெயரில் வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், பத்து வருடம் வளர்த்த பெயரை ஒரு வக்கீல் நோட்டீசுக்காக மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள சங்கடம். பல அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். தாளில் அழகாக வரும். அந்தக் கோப்பில் இருந்து எடுத்து இணையதளத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும். அது நடக்கக் கூடாது என்று வாசகத்தைப் படமாக மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படித்துக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே வாசகங்களை யூனிகோடில் தட்டச்சு செய்து வாங்குங்கள். சோதிப்பது எளிது: அந்த வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் சரி.

மேப்பில் கடை

சிறு வியாபாரிக்குக் காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய உதவி கூகுளின் வணிகப் பக்கம்தான். மற்ற எதையும் செய்ய நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிடுங்கள். 'கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலில் காட்டுகிறோம், இவ்வளவு கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் வைத்துவிடலாம். பக்கம் தொடங்கக் கட்டணம் கிடையாது. உள்ளூர்த் தேடலில் மேலே வருவதைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடிய பொருளுக்கு உங்கள் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடியவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் வரிசை அமைகிறது.

தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம். அதற்கு முதல் வழி, வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. கடலை மிட்டாய் செய்து விற்கிறவர் 'மளிகைக் கடை' என்று போட்டால், மளிகை தேடுகிறவருக்குத்தான் கடை தெரியும். இனிப்புக் கடையா, தின்பண்டத் தயாரிப்பாளரா, மொத்த வியாபாரியா என்று பார்த்து முதன்மை வகையாக ஒன்றும், தேவையானால் துணை வகைகளும் போடுங்கள். கடைப் பெயரோடு 'சிறந்த கடலை மிட்டாய் கோவில்பட்டி மொத்த விலை' என்று சேர்த்து எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. அது விதிமீறல். யாராவது புகார் செய்தால் பக்கமே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயர் மட்டும் போதும்.

பக்கம் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யப் பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்பார்கள். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெருவும் பக்கத்துக் கடையும் தெரியத் தொடங்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, கதவைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போய், அடுப்பையும் கடாயையும் பேக்கிங் மேசையையும் காட்டினால் போதுமானது. வீட்டிலேயே செய்து, தாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்று இதைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் நேரில் வராத தொழில் என்று குறிப்பிட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குத் தருகிறீர்கள் என்பதை மட்டும் காட்டலாம்.

மேப்பில் கடையின் குறி விழுந்த இடம் சரியா என்று பாருங்கள். பின்தெருவில் விழுந்திருந்தால் விரலால் நகர்த்தித் திருத்தலாம். திறக்கும் நேரம், மூடும் நேரம், வார விடுமுறை போடுங்கள். பொங்கல், தீபாவளி, ஊர்க் கொடை நாட்களில் கடை இருக்குமா இருக்காதா என்பதைத் தனியாகக் குறிக்க வழி இருக்கிறது. திறந்திருக்கிறது என்று மேப் சொன்னதை நம்பி மூன்று பஸ் மாறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுபடி வர மாட்டார்.

படங்களில் முதலில் வேண்டியது கடையின் முகப்பு, தெருவோடு சேர்த்து. அடுத்து வேலை நடக்கும் இடம். அதன் பிறகுதான் பலகாரம். காலை எட்டிலிருந்து பத்துக்குள், ஜன்னலோரம், லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு எடுத்தால் கைபேசியே போதும். டியூப் லைட் வெளிச்சத்தில் வெல்லப் பாகின் நிறம் சாம்பலாகத் தெரியும். வேறொருவர் எடுத்த படத்தையோ, இணையத்தில் கிடைத்த படத்தையோ போடவே போடாதீர்கள். வாங்கியவர் பாக்கெட்டைப் பிரித்த நொடியில் அது தெரிந்துவிடும்.

ரிவ்யூ

ரிவ்யூவைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஐந்து நட்சத்திரம் போட்டால் 10 சதவீதம் தள்ளுபடி' என்று கடையில் எழுதி ஒட்டுவது கூகுளின் விதிக்கு எதிரானது. காசு கொடுத்து மொத்தமாக ரிவ்யூ வாங்குவது அதைவிட மோசம். ஒரே வாரத்தில், ஊருக்கே சம்பந்தமில்லாத பெயர்களில், 'நைஸ்', 'சூப்பர்' என்று நாற்பது ரிவ்யூ வந்து விழுந்தால் அந்தச் சித்தப்பாவுக்கே சந்தேகம் வரும். இணைய ரிவ்யூக்களை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரமே வகுத்திருக்கிறது. பொய் ரிவ்யூ அந்த அளவுக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது.

கேட்டு வாங்குவதில் தவறில்லை. பார்சல் கிடைத்த மறுநாள் இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: "அக்கா, பார்சல் உடையாம வந்துச்சா? பிள்ளைகளுக்குப் பிடிச்சுதா? நேரம் இருந்தா இந்த லிங்க்ல ரெண்டு வரி எழுதுங்க. குறை இருந்தாலும் எழுதுங்க, திருத்திக்கிறோம்." இதில் முதல் கேள்விதான் முக்கியம். அதற்கு அவர் 'இல்லை' என்றால் அடுத்த வேலை ரிவ்யூ கேட்பதல்ல, மாற்றுப் பார்சல் அனுப்புவது.

ஒரு நட்சத்திரம் விழுந்த அன்று யாருக்கும் மனது வலிக்கும். அன்றே பதில் எழுதாதீர்கள். மறுநாள் காலையில் எழுதுங்கள். நீங்கள் எழுதும் பதில் குறை சொன்னவருக்கு மட்டுமானதல்ல. இனி வரப்போகும் நூறு பேர் அதைப் படிப்பார்கள். 'நமுத்துப்போன மிட்டாய், காசு வீண்' என்று ஒருவர் எழுதியிருந்தால், "வணக்கம் சார். மழைக் காலத்தில் அனுப்பிய சில பார்சல்களில் ஈரம் இறங்கியிருக்கிறது. இப்போது உள் உறையை மாற்றியிருக்கிறோம். உங்களுக்கு வேறு பார்சல் அனுப்புகிறோம். கடை எண்ணுக்கு ஆர்டர் தேதியை மட்டும் அனுப்பிவையுங்கள்" என்று எழுதலாம். உண்மையிலேயே உறையை மாற்றியிருந்தால் மட்டும் அப்படி எழுத வேண்டும். போட்டிக் கடைக்காரர் பொய்யாக எழுதியதாகத் தோன்றினாலும் பதிலில் குற்றம் சாட்டாதீர்கள். "இந்தப் பெயரிலோ தேதியிலோ எங்களிடம் ஆர்டர் இல்லை, பில் இருந்தால் காட்டுங்கள், பார்க்கிறோம்" என்பதோடு நிறுத்தி, பக்கத்தில் உள்ள புகார் வசதியில் தெரிவியுங்கள்.

வாட்ஸ்அப்பில் விலை

வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்தது. சாதாரண வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் நடக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கேட்டலாக். பொருளின் படம், எடை, விலை எல்லாவற்றையும் ஒரு முறை ஏற்றிவிட்டால், "ரேட் என்ன?" என்று வரும் கேள்விக்கு நாள் முழுக்க ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

விலையை மறைக்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. 'விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்' என்று எழுதுகிறவர்கள், போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள். போட்டியாளருக்கு உங்கள் விலை எப்படியும் தெரியும். ஆள் அனுப்பி ஒரு பாக்கெட் வாங்கினால் முடிந்தது. விலை தெரியாமல் விலகிப் போவது வாங்க நினைத்தவர்தான். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகமும் அவருக்கு வரும். 200 கிராம் இவ்வளவு, ஒரு கிலோ இவ்வளவு, 100 பாக்கெட்டுக்கு மேல் இவ்வளவு, தமிழ்நாட்டுக்குள் கூரியர் கிலோவுக்கு இவ்வளவு என்று முழுத் தொகையும் தெரியும்படி போடுங்கள். கடைசியில் கூரியர் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தால், அதுவரை பேசியது எல்லாம் வீணாகும்.

ஆர்டர் உறுதியானதும் நீங்கள் அனுப்பும் செய்தியில் பொருள், அளவு, மொத்தத் தொகை, அனுப்பும் நாள், சேரும் நாள், பெறுபவர் முகவரி ஆறும் இருக்கட்டும். "சரிங்க, அனுப்பிடுறேன்" என்பது நேரில் பேசும்போது போதும், எழுத்தில் போதாது. அனுப்பிய அன்றே கூரியர் ரசீதின் படமும் கண்காணிப்பு எண்ணும் போய்ச் சேர வேண்டும். இதை விரைவுப் பதிலாகச் சேமித்துவைத்தால் சில நொடி வேலை. இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்கு, "கடை நேரம் காலை 9 முதல் இரவு 8 வரை. காலையில் பதில் சொல்கிறோம்" என்று தானாகப் போகும்படி வைத்துவிடலாம்.

தீபாவளிக்கு முன் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்ப பிராட்காஸ்ட் பட்டியல் உதவும். ஒரு பட்டியலில் 256 பேர். உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பார்சலுக்குள் 'இந்த எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று சிறு சீட்டு வைப்பது அதற்காகத்தான். கேட்காதவர்களை குரூப்பில் சேர்த்துத் தினமும் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். நிறையப் பேர் அப்படிப் புகார் செய்தால் எண்ணே முடக்கப்படலாம்.

பணம் வரும் வழி

எல்லாம் சரியாகப் போய், பணம் அனுப்பும் கட்டத்தில் பலர் நின்றுவிடுவார்கள். ஏன் என்று கடைக்காரருக்குத் தெரியாது. கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் தெரிவது வங்கிக் கணக்கில் உள்ள பெயர். கடைப் பெயர் ஒன்று, திரையில் வரும் பெயர் மைத்துனர் பெயர் என்றால், பணம் அனுப்பும் விரல் தயங்கும். தயங்குவதுதான் சரியும்கூட. கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்குக்கே கியூ.ஆர். வாங்குவது நிரந்தரத் தீர்வு. அதுவரைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "ஸ்கேன் செய்ததும் உரிமையாளர் பெயர் இப்படி வரும், அது நம்ம கணக்குதான்."

பணம் வந்ததா என்பதை ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து நம்பாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கவே செயலிகள் சுற்றுகின்றன. வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள். மொத்த ஆர்டர் கொடுப்பதாகப் பேசி, 'முன்பணம் அனுப்ப இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சொந்த முகவரி

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. தடைக்குக் காரணம் என்னவாக இருந்தாலும், அந்தச் செயலியை மட்டுமே நம்பிச் சேலையும் ஊறுகாயும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் தங்களைப் பின்தொடர்ந்தவர்களை ஒரே நாளில் இழந்தார்கள். அவர்களுடைய எண்கள்கூட விற்றவரிடம் இல்லை. 2024 மார்ச்சில் கூகுள், வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்துவந்த இணையதளங்களை மூடியது. விசிட்டிங் கார்டிலும் பாக்கெட்டிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்கள், சில மாதங்களில் எங்கும் போகாத முகவரியோடு நின்றார்கள். அடுத்தவர் தளத்தில் மட்டும் கடை வைப்பது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவதைப் போன்றது. தண்ணீர் கிடைக்கும், ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது கிணறு நம்மோடு வராது.

ஆகவே சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள். .இன் என்று முடிவதோ .காம் என்று முடிவதோ எதுவானாலும் சரி. நம் நாட்டுக்கான .இன் முகவரிகளை நிக்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரிகளும் உண்டு. தமிழ் முகவரி மனதுக்கு நிறைவாக இருக்கும். கூடுதலாக அதையும் வைத்துக்கொள்ளலாம். போனில் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ள இப்போதைக்கு ஆங்கில எழுத்து முகவரிதான் பலருக்கும் வசதி. முதல் ஆண்டுக் கட்டணம் மலிவாக இருக்கும், புதுப்பிக்கும்போது ஏறும். வாங்கும் முன்பே புதுப்பித்தல் கட்டணத்தைக் கேளுங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்க வேண்டும், தளம் செய்து தருகிறவருடையது அல்ல.

இணையதளம் பெரிதாக வேண்டாம். தொடக்கத்தில் ஒரே பக்கம் போதும். சின்னக் கைபேசியில், பலவீனமான சிக்னலில் சட்டென்று திறக்க வேண்டும். மேலே கடைப் பெயர், ஊர், என்ன விற்கிறீர்கள். அடுத்து படத்தோடு விலைப் பட்டியல். வாட்ஸ்அப்புக்குப் போகும் பொத்தான். மேப். அனுப்பும் முறை. குறை வந்தால் என்ன செய்வீர்கள் என்பது.

கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் சட்டமே கேட்பது அதைத்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்ப்பவரின் பெயர் ஆகியவை தெரிய வேண்டும் என்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தின்பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறை தந்த 14 இலக்கப் பதிவு எண்ணைப் பக்கத்தில் போட வேண்டும். விவரம் தெரிந்த வாடிக்கையாளர்கள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். வரிக்குரிய பொருளைத் தமிழ்நாட்டுக்கு வெளியே விற்பதானால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதே பொது விதி. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. பெங்களூருவுக்கு முதல் பார்சல் போவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது

'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'சுவைக்குச் சுவை', 'பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்டது'. இந்த வரிகளை எந்தக் கடைப் பெயரோடு சேர்த்தாலும் பொருந்தும். அதனால்தான் அவற்றால் உங்களுக்குப் பயனில்லை. அதோடு 'பாரம்பரிய', 'சுத்தமான', 'அசல்' போன்ற சொற்களை உணவுப் பொருளுக்கு எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் விளம்பர விதிகளில் நிபந்தனைகள் இருக்கின்றன. கருப்பட்டி மிட்டாய் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்பது போன்ற வாசகம் கூடவே கூடாது.

இதற்குப் பதிலாக, உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். கடலை எந்தப் பக்கத்துக் கரிசல் காட்டில் இருந்து வருகிறது, வெல்லம் எந்த ஊர் வெல்லம், பாகுப் பதத்தை யார் பார்க்கிறார், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த டப்பாவில் வைத்தால் நமுக்காது. உதாரணமாக: "கடலையைத் தோல் நீக்கி, கையால் புடைத்துச் சேர்க்கிறோம். வெல்லப் பாகு. வேறு நிறமோ மணமோ சேர்ப்பதில்லை. பிரித்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். செய்த நாள் பாக்கெட்டின் பின்னால் இருக்கிறது." இப்படி நான்கு வரி உண்மையாக எழுதினால், படிக்கிறவருக்கு அடுப்படியில் நின்று பார்த்த நம்பிக்கை வரும்.

ஊர்ப் பெயரைப் பயன்படுத்துவதில் கவனம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறிப்பிட்ட பகுதிக்கு வெளியே செய்துவிட்டு அந்த ஊர்ப் பெயரில் விற்பது சட்டப்படி தவறு. பகுதிக்கு உள்ளே செய்கிறவர்கள், அனுமதி பெற்ற பயன்பாட்டாளராகத் தனியே பதிவு செய்துகொண்டு, அந்தக் குறியைத் தங்கள் பக்கத்தில் பெருமையாகப் போடலாம். வெளியூர்க்காரருக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறு கிடைக்காது.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரில் கணக்கு வைத்து அதில் வியாபாரம் செய்யாதீர்கள்; 5,000 நண்பர்களோடு அது நின்றுவிடும். தனிப் பக்கம் தொடங்குங்கள். வாரம் ஒரு வீடியோ போதும். பாட்டு, வசனம் தேவையில்லை. பாகு கொதித்து, கடலை விழுந்து, பலகையில் ஊற்றித் தேய்த்து, துண்டு போடும் வேலையை நடக்கிறபடியே காட்டினாலே மக்கள் பார்க்கிறார்கள். அந்த வேலையில் உள்ள கைத்திறன் வேறெந்த விளம்பரத்துக்கும் வராது.

சாவி யாரிடம்

தெரிந்த பையன் ஒருவன் எல்லாம் செய்து கொடுத்தான், இப்போது போன் எடுக்கவில்லை, பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. சிறு வியாபாரிகள் இப்படிச் சொல்லி நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். பையன் கெட்டவன் இல்லை. எண் மாறியிருப்பான், வெளிநாடு போயிருப்பான். ஆகவே ஒவ்வொரு கணக்கும் கடையின் மின்னஞ்சலிலும் கடை எண்ணிலும் மட்டுமே தொடங்கப்பட வேண்டும். உதவுகிறவருக்குக் கூகுள் பக்கத்தில் உரிமையாளர் உரிமை தராமல், நிர்வாகி என்ற அனுமதியை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் குடும்பத்தில் இருவர் இருக்கட்டும். எல்லாவற்றிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும், வாட்ஸ்அப்பில் இருந்து பேசுகிறோம் என்றாலும், சொல்லாதீர்கள்.

முன்பு பெயரும் முகவரியும் எழுதிய அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, டொமைன் எந்த நிறுவனத்தில் வாங்கியது, புதுப்பிக்கும் தேதி எது, சிம் ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்று குறித்து வையுங்கள். பாஸ்வேர்டை அதே பக்கத்தில் எழுத வேண்டாம். வீட்டில் நகையும் பத்திரமும் வைக்கும் இடத்தில் தனியே இருக்கட்டும், உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ இடம் தெரிந்திருக்கட்டும்.

மாதத்தில் ஒரு நாள், ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொள்வோம், உங்கள் கைபேசியில் அல்லாமல் வேறு யாருடைய கைபேசியையாவது வாங்கி உங்கள் கடைப் பெயரைத் தேடுங்கள். உங்கள் போனில் தேடினால் உங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி காட்டும். மேப்பில் நேரம் சரியா, யாராவது 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று மாற்றி வைத்திருக்கிறார்களா, விலை போன மாதத்தியதா, புது ரிவ்யூவுக்குப் பதில் போயிற்றா, அச்சிட்ட எண்ணுக்கு அடித்தால் உங்கள் மேசையில் மணி அடிக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வெல்ல விலை ஏறிய மாதத்தில் மட்டும் கேட்டலாக், இணையதளம் இரண்டிலும் ஒரே நாளில் விலையை மாற்றுங்கள். ஏற்கெனவே உறுதி செய்த ஆர்டர்களைப் பழைய விலைக்கே அனுப்புங்கள்.